திருகக் கூடாத டெலஸ்கோப்

என் மேசை மேல் ஒரு டெலஸ்கோப் கிடக்கிறது. துப்பாக்கியின் முதுகில் பொருத்துகிற வகை. ஒரு சாணுக்கு மேல் நீளம், பெருவிரல் பருமன். கறுப்புப் பூச்சு தேய்ந்து விளிம்புகளில் உலோகம் வெளுத்திருக்கிறது. வயிற்றை இரண்டு எஃகு வளையங்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் அதை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்ப்பார்கள். வருகிறவர்கள் என்று பன்மையில் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், மாடி வீட்டுக்காரர், எப்போதாவது ஒரு பழைய மாணவர், அவ்வளவுதான். "ஒண்ணுமே தெரியலீங்களே சார், ஒரே புகையா இருக்குது" என்பார்கள். அடுத்தபடி, யாரும் சொல்லித்தராமலே, கண் வைக்கும் பக்கத்தில் இருக்கிற திருகுக்குக் கை போகும். அந்தக் கையை நான் தட்டிவிடுவேன். கிழவனுக்குக் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு கீழே வைத்துவிடுவார்கள். நினைத்துக்கொள்ளட்டும். அந்தத் திருகை நாற்பது ஐம்பது வருஷமாக யாரும் தொட்டதில்லை, நான் இருக்கும்வரை தொடப்போவதும் இல்லை.

அறுபதுகளின் நடுவில் நான் திருப்பூருக்கு ஒரு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டராக வந்தேன். பட்டாளத்தில் சில காலம் இருந்து, முழங்கால் கெட்டுப்போய்த் திரும்பியவன். சொந்த ஊர் தெற்கே, தாமிரபரணிக் கரையில். இங்கே எனக்கு ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்து, பிறகு தள்ளிப்போட ஒன்றுமில்லாமல் நின்றுவிட்டது. வார நாட்கள் பிள்ளைகளின் கூச்சலில் கழிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் வம்பு. ஊர் முழுக்க மிஷின் சத்தம் நின்றுவிடும், வீட்டுக்கு வீடு கறிக்குழம்பு வாசம் கிளம்பும், எனக்கு மட்டும் அறைக் கதவைத் திறந்து வைத்தாலும் ஒன்றுதான், சாத்தி வைத்தாலும் ஒன்றுதான். எல்லைப் போருக்குப் பிறகு ஊர் ஊராக ரைஃபிள் கிளப் ஆரம்பிக்கும் ஆர்வம் அப்போது இருந்தது. இங்கேயும் ஒன்று ஏற்கனவே ஆரம்பித்திருந்தார்கள். ஊத்துக்குளி ரோட்டில் கல் வெட்டி முடித்துக் கைவிட்ட ஒரு பாறைக்குழி. ஒரு பக்கம் குண்டுகளை வாங்கிக்கொள்ள மண்மேடு, எதிர்ப்பக்கம் படுத்துச் சுடுவதற்கு ஓலைப் பந்தல். பட்டாளத்துக்காரன் என்று அதன் ஞாயிற்றுக்கிழமைப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நான் சந்தோஷமாகத் தலையைக் கொடுத்தேன். ஒரு காலைப்பொழுது நாலு மனிதர்களோடு இருக்கலாம் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அங்கே வந்தவர்களில் இருவரைப் பற்றித்தான் இது. ஒருவரைக் கட்டிங் முதலாளி என்றும் இன்னொருவரை மிஷின் முதலாளி என்றும் ஊரே அழைக்கும். இருவரும் சேர்ந்து ஒரு பனியன் கம்பெனி நடத்தியவர்கள். துணி பின்னும் மிஷின்களை ஒருவர் பார்த்துக்கொள்ள, வெட்டுவதையும் தைப்பதையும் மற்றவர் பார்த்துக்கொண்டார். பனியன் துணி மிஷினிலிருந்து தலையணை உறை மாதிரி உருளையாகத்தான் இறங்கும். வெட்டுகிற மேசையில் போட்டால் இரண்டு மடிப்பாகப் படுத்துவிடும். கட்டிங் முதலாளிக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் படுத்த அளவு. உடம்போ கையோ கழுத்தோ, எதுவானாலும் சுற்றளவில் பாதியைத்தான் அவர் அளவு என்று சொல்வார். மிஷினுக்கு அது உதவாது. மிஷினுக்கு வட்டத்தின் குறுக்களவு வேண்டும், அதை டயா என்பார்கள். "நீ படுத்த அளவைச் சொல்லு மாப்ளே, நிக்கிற அளவை நான் பாத்துக்கறேன்" என்று மிஷின் முதலாளி சொல்வாராம். இவர் சொல்லி முடிப்பதற்குள் அவர் மனதுக்குள் கணக்குப் போட்டு, எந்த மிஷினில் நூல் ஏற்றுவது என்று முடிவு செய்துவிடுவார். இப்படியே ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கிறது. கிளப் ஆரம்பித்த புதிதில் இருவரும் ஒரே நாளில் லைசென்ஸ் வாங்கி, ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு பாயிண்ட் டூ டூ ரைஃபிள் வாங்கினார்கள். பக்கத்தில் பக்கத்தில் பாய் விரித்துச் சுடுவார்கள்.

நான் பொறுப்பேற்றபோது அந்தச் சிநேகிதம் முறிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மிஷின் முதலாளி தன் மகனுக்குக் கட்டிங் முதலாளியின் பெண்ணைக் கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு மாமன் மகன் இருந்தான், உரிமைக்காரன். அவனை விட்டுவிட்டு வெளியே கொடுக்க முடியாது என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் புரிகிற நியாயம்தான். மிஷின் முதலாளிக்கும் புரிந்திருக்கும். ஆனால் கட்டிங் முதலாளிக்கு அதைச் சிநேகிதனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. கல்யாணத் தரகர் ஒருவரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. "ஒரே டம்ளர்ல காப்பி குடிச்சவன், எங்கிட்டச் சொல்றதுக்கு மூணாம் ஆளை அனுப்பியிருக்கறான். இனி எல்லாத்தையும் மூணாம் ஆள்கிட்டவே சொல்லியனுப்பட்டும்" என்றாராம் மிஷின் முதலாளி. கம்பெனிக் கட்டடத்தின் நடுவில் ஒரு சுவர் எழும்பியது. நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து நின்றது. இங்கே அது சின்ன வார்த்தை இல்லை. கல்யாணத்துக்கு அழைப்பு போகாது, சாவுக்குச் சொல்ல ஆள் வராது, காதில் விழுந்தாலும் போய் நிற்க மாட்டார்கள்.

பாறைக்குழி மட்டும் யார் வீடும் இல்லை. அதனால் இருவருமே அங்கே வருவதை நிறுத்தவில்லை. விவரம் தெரிந்தவுடன், எதற்கு வம்பு என்று ஒருவர் பாயைப் பந்தலின் இந்தக் கோடியிலும் மற்றவர் பாயை அந்தக் கோடியிலும் போட்டேன். அடுத்த வாரம் நான் போவதற்குள் இரண்டு பாய்களும் பழைய இடத்தில் ஒட்டிக் கிடந்தன. யார் இழுத்துப் போட்டது என்று கேட்டேன். இருவரும் மண்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய மூன்றாம் ஆள் நான்தான் என்று ஆகிப்போயிற்று. "மாஸ்டரு, காத்து எடப்பக்கமிருந்து அடிக்குதுன்னு சொல்லிப்போடுங்க" என்பார் ஒருவர். கேட்க வேண்டியவர் ஒரு முழம் தள்ளிப் படுத்திருப்பார். நானும் குனிந்து, "காற்று இடப்பக்கமாம்" என்பேன். "தெரியுமுங்கன்னு சொல்லுங்க" என்று பதில் வரும். எங்கள் ஊரில் பேச்சு முறிந்தால் மரியாதையும் சேர்ந்து போய்விடும், கண்டபடி ஏசிக்கொள்வார்கள். இங்கே பேச்சுப் போன பிறகும் 'ங்க' மட்டும் போகாமல் நின்றது எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு ஒருநாள் அறைக்குத் திரும்பியபோது, அந்த வாரம் என் மூலமாகப் போன பேச்சைத் தவிர எனக்கென்று யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை என்று உறைத்தது. அன்று சிரிப்பு வரவில்லை.

சில வருஷங்களில் கட்டிங் முதலாளியின் கண் மங்கத் தொடங்கியது. ரைஃபிள் சுடுகிறவனுக்குக் கைக்கு அருகில் இருக்கும் பின்குறியும், குழாய் நுனியில் நிற்கும் முன்குறியும், தூரத்து அட்டையும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். வயது ஏறினால் முதலில் கரைவது முன்குறிதான். அவருடைய குண்டுகள் அட்டையின் ஓரங்களுக்குப் போயின, பிறகு அட்டையை விட்டே போயின. வயசாச்சு, விட்டுவிடலாமே என்று கிளப்பில் யாரோ சொன்னார்கள். அன்று என்னைத் தன் காரில் கொண்டுவந்து விடும்போது சொன்னார்: "உட்டுப்போட்டா ஞாயித்துக்கெழமை நான் எங்கீங்க போறது? சுடறதுல எனக்கு என்னங்க இருக்குது. அவன் பக்கத்துல போய் நிக்கறதுக்கு எனக்கு வேற எடமில்லீங்க மாஸ்டரு." டெலஸ்கோப் வைத்தால் முன்குறி, பின்குறி என்ற தொல்லையே இல்லை, கண்ணாடிக்குள் இருக்கும் குறுக்குக் கம்பியை அட்டையின் மேல் வைத்தால் போதும் என்று நான்தான் யோசனை சொன்னேன்.

அவரும் நானுமாகக் கோயமுத்தூருக்குப் போனோம். வெளிநாட்டுச் சாமான் புதிதாகக் கிடைக்காத காலம். ஒரு துப்பாக்கிக் கடையில், வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போனவை என்று இரண்டு டெலஸ்கோப்புகளை எடுத்து வைத்தார்கள். ஒன்று தடியாக, பெரிய கண்ணாடியோடு, பார்ப்பதற்கே மிடுக்காக இருந்தது. மற்றது ஒல்லி. கட்டிங் முதலாளியின் கை நேராகத் தடியனிடம் போயிற்று. கடை வாசலில் நின்று தெருக்கோடிப் போர்டைப் பார்த்து, "எழுத்து ஒவ்வொண்ணும் ஆள் ஒசரம் தெரியுதுங்க" என்று மகிழ்ந்துபோனார். நான் அவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, முழங்கையை ஊன்றி, அதே போர்டின் ஒரே ஒரு எழுத்தில் குறுக்குக் கம்பியை நிறுத்தச் சொன்னேன். எழுத்து நிற்கவில்லை, துள்ளியது. பெரிதாகக் காட்டுவது கையின் நடுக்கத்தையும் பெரிதாகத்தான் காட்டும். அதுவுமில்லாமல் அது காட்டெருமை சுடுகிற பெரிய துப்பாக்கிக்கென்று செய்தது, வெகுதூரத்துக்குச் சரிபார்த்தது. நம்முடைய ஐம்பது கெஜத்தில், கண் கொஞ்சம் விலகினாலும் கம்பியும் விலகிக் காட்டும். ஒல்லியானது நாலு மடங்குதான் பெரிதாக்கும், ஆனால் பிடித்த இடத்தில் நின்றது. பாயிண்ட் டூ டூவின் சின்ன உதைக்கு அது போதும், கண்ணை நெருக்கி வைத்தாலும் இடிக்காது. அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு ஒல்லியைத் தேர்ந்தெடுத்தார். "பக்கத்துல இருக்கறது தெளிவாத் தெரிஞ்சாச் சரிங்க" என்றார்.

துப்பாக்கியில் அதைப் பிடித்து நிறுத்தும் வளையங்கள் கடையில் இல்லை. பெங்களூருக்கு எழுதிக் கேட்கலாம் என்றேன். "ரண்டு வளையந்தானுங்களே, லேத்துல கடைஞ்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியில் ஏற்றியே கொண்டுவந்தார். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. வளையம் வளையல் மாதிரி அகன்று கிடந்தது. குழாய்க்கும் வளையத்துக்கும் நடுவில் பனியன் கழுத்துப் பட்டித் துணியைச் சுற்றிச் சுற்றித் திணித்திருந்தார். குழாய் முக்கால் இஞ்சு டயா. அவர் இஞ்சு டேப்பைக் குழாயைச் சுற்றிப் போட்டு, வந்ததைப் பாதியாக்கி, ஒன்றேகால் இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு என்று பட்டறைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பட்டறைக்காரர் சொன்னபடி கடைந்து கொடுத்துவிட்டார். டெலஸ்கோப்பைக் கண்ணால் பார்த்திருந்தாலாவது கேட்டிருப்பார். அந்தத் துணியோ இழுத்தால் நீளுகிற பனியன் துணி. ஒவ்வொரு குண்டுக்கும் டெலஸ்கோப் ஒரு இம்மி நகர்ந்தது, குண்டுகள் பழையதைவிட மோசமாக அலைந்தன. அவர் முகம் சுருங்கிப் போயிற்று. அட்டையை எடுத்துவர எழுந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் பக்கத்துப் பாயில் இருந்த மிஷின் முதலாளி மெல்ல எம்பி, அந்த வளையத்துக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். துணியை நிமிண்டினார். "படுத்த அளவு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. சிரித்த வேகத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னை முறைத்துவிட்டு, தன் பாயில் போய்ப் படுத்துக்கொண்டார். அடுத்த வாரம் கட்டிங் முதலாளியின் பாய் நடுவில் பனியன் வேஸ்ட்டில், அதாவது வெட்டிக் கழித்த துணியில், சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. உள்ளே இரண்டு எஃகு வளையங்கள், எண்ணெய் பூசி, திருகாணிகளோடு. துப்பாக்கி முதுகில் உள்ள காடிகளைக் கவ்விக்கொள்ளும் கால்கள் மயிரிழை பிசகவில்லை. இரண்டும் ஒரே மாதிரித் துப்பாக்கி, அதனால் அவர் தன்னுடையதையே அளந்து செய்திருக்கிறார். கட்டிங் முதலாளி குழாயை வளையத்தில் வைத்தார். பொருந்தி உட்கார்ந்தது. என்னைப் பார்த்தார். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, என்னிடம் யாரும் சொல்லச் சொல்லவும் இல்லை. அந்த இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாம் ஆள் இல்லாமல் வந்த முதல் செய்தி அது.

அன்று அவருடைய குண்டுகள் கறுப்பு வட்டத்துக்குள் போய் விழுந்தன. ஒரு சுற்று முடிந்து, துப்பாக்கிகளின் போல்ட்டைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டு நான் நடந்து வந்தபோது, மிஷின் முதலாளி தண்ணீர் குடிக்கப் போயிருந்தார், கட்டிங் முதலாளி மட்டும் எழாமல் டெலஸ்கோப்பில் கண் வைத்தபடியே கிடந்தார். குழாய் தன் அட்டையை விட்டுச் சற்று விலகி, பக்கத்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இது ரேஞ்சில் கூடாத காரியம், கண்டிக்க வாயெடுத்தேன். "மாஸ்டரு, சித்தெ இதப் பாருங்க" என்றார். குரல் சரியில்லை. குனிந்து பார்த்தேன். மிஷின் முதலாளியின் அட்டை தெரிந்தது. ஒரு ஓட்டைகூட இல்லை. வெள்ளையும் கறுப்புமாகப் புதிதாக இருந்தது. அதற்கு வெகுதூரம் தள்ளி மண்மேட்டில் குண்டு பட்ட புழுதி. தனக்கு மார்க் போட வேண்டாம், சும்மா பழக்கத்துக்குத்தான் என்று சொல்லி, அட்டையைத் தானே எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் அவருடைய வழக்கம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கண் தெரியாமல் அவர் எத்தனை காலமாக வந்து படுத்துக்கொண்டிருந்தாரோ. கண்ணாடி வாங்க வசதி இல்லாதவர் இல்லை. தெரியவில்லை என்று சொன்னால் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவோமோ என்று பயந்திருக்கிறார். கட்டிங் முதலாளியும் அதே பயத்தோடுதான் பக்கத்தில் படுத்திருந்தார்.

கட்டிங் முதலாளி திருகாணிகளைக் கழற்றினார். வளையத்தோடு டெலஸ்கோப்பை எடுத்துப் பக்கத்துப் பாயில் வைத்தார். திரும்பி வந்த மிஷின் முதலாளி அதைக் குனிந்து பார்த்தார். "இதென்னங்க மாஸ்டரு?" என்றார் என்னிடம். "ஒரு வாரம் அவிங்க வெச்சுப் பாக்கட்டுமுன்னு சொல்லுங்க" என்றார் இவர் என்னிடம். சொன்னேன். "சரிங்கன்னு சொல்லுங்க" என்றார் அவர். அதையும் சொன்னேன். அன்றிலிருந்து அந்த டெலஸ்கோப் ஒரு வாரம் இவரிடமும் மறு வாரம் அவரிடமுமாகப் போய் வந்தது. இன்னொரு டெலஸ்கோப் தேடலாமே என்று நான் ஒரு தடவை கேட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் "வேண்டாமுன்னு சொல்லுங்க" என்றார்கள். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நான் நின்றேன்.

கண் வைக்கும் பக்கத்துத் திருகை அவரவர் பார்வைக்குத் தக்கபடி திருப்பிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் குறுக்குக் கம்பி கூர்மையாகத் தெரியும். ஒருவர் கண்ணுக்கு வைத்தது மற்றவருக்குப் புகை. தன் முறை வந்ததும் கட்டிங் முதலாளி உடனே திருப்ப மாட்டார். முதலில் அப்படியே வைத்துப் பார்ப்பார். அந்தப் புகைக்குள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் தன் கண்ணுக்குத் திருப்புவார். அதற்கு எவ்வளவு திருப்ப வேண்டியிருக்கிறது என்பதிலிருந்து சிநேகிதனின் கண் நிலவரம் அவருக்குத் தெரிந்துவிடும். "போன தடவைக்கு இன்னும் கால் சுத்து கூடப் போயிருக்குதுங்க. ஆசுபத்திரிக்குப் போகச் சொல்லுங்க மாஸ்டரு" என்பார். "கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லுங்க" என்று பக்கத்துப் பாய் சொல்லும். மனைவிமார்களுக்குக்கூடத் தெரியாத விஷயம் இந்தத் திருகில் இருந்தது.

கொஞ்ச காலம் இப்படியே போயிற்று. ஒருநாள் காரில் வரும்போது, "அடுத்த வாரம் நானே பேசீர்றனுங்க" என்றார் கட்டிங் முதலாளி. "என்ன பேசுவீங்க?" என்றேன். "அன்னிக்கு நானே வந்து சொல்லியிருக்கோணும், தப்புத்தான், அப்படீன்னு. அவ்வளவுதானுங்களே." வழி நெடுக அதையே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெலஸ்கோப் மிஷின் முதலாளிக்குப் போக வேண்டிய முறை. வழக்கமாகப் பாயில் வைப்பவர் அன்று கையிலேயே நீட்டினார். அவரும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிடவில்லை, முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். கட்டிங் முதலாளியின் வாய் திறந்தது. பிறகு அவர் தலை என் பக்கம் திரும்பியது. "காத்து இல்லீன்னு சொல்லுங்க மாஸ்டரு" என்றார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. மிஷின் முதலாளி படுத்து, வளையங்களைக் காடியில் இறுக்கி, திருகை மெதுவாகத் தன் கண்ணுக்குத் திருப்பினார். சற்று நேரம் பார்த்தார். "நல்லாத் தெரியுதுன்னு சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன்.

அந்த வாரமே மிஷின் முதலாளி போய்விட்டார். காலையில் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. சேதி கேட்டதும் கட்டிங் முதலாளி பள்ளிக்கூடத்துக்குக் காரில் வந்து என்னை வெளியே கூப்பிட்டார். "நீங்க ஒரு எட்டுப் போயிட்டு வந்துருங்க மாஸ்டரு" என்றார். எனக்குக் கோபம் பொங்கிவிட்டது. "போறேன். ஆனா எனக்காகப் போறேன். உங்களுக்காக இனி எங்கயும் போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் கார்க் கதவைத் திறந்துவிட்டார். தெரு முனையில் ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்தி என்னை இறக்கினார். அதற்கு மேல் அவர் வரவில்லை. கும்பலுக்குள் நுழையும்போது திரும்பிப் பார்த்தேன். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாலை போட்டுவிட்டு நான் கிளம்பும் சமயம் மிஷின் முதலாளியின் சம்சாரம் ஒரு ஆளை விட்டு என்னை நிறுத்தினார். பனியன் வேஸ்ட்டில் சுற்றிய பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். "இது அவிங்களுதுங்க. ஞாயித்துக்கெழமை அவிங்க மொறை, எடுத்துட்டுப் போகோணுமுன்னு நேத்தே சுத்தி வெச்சுப்போட்டாருங்க" என்றார். பிறகு என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தார். "அண்ணன் வரலீங்களா? காத்தாலயிருந்து வாசலையே பாத்துட்டிருக்கறனுங்க" என்றார். நான் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு புளியமரத்தடிக்கு வேகமாக நடந்தேன். அந்த அம்மா கேட்டதை அப்படியே அவரிடம் சொன்னேன். கார்க் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார். அதற்குள் தெருவில் பறைச் சத்தம் கிளம்பியது, பாடையைத் தூக்கிவிட்டார்கள். ஊர்வலம் எங்களைக் கடந்து போகும்வரை அவர் அந்த ஒற்றைக் காலை ஊன்றியபடியே இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். இரண்டு பாயையும் அவரே விரித்தார். டெலஸ்கோப்பை மாட்டி, கண்ணை வைத்துப் படுத்தார். திருகைத் தொடவில்லை. மற்றவர்கள் சுட்டு முடித்துக் கிளம்பிப் போனார்கள். அவர் துப்பாக்கியில் தோட்டாவே போடவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏதாவது தெரியுதா?" என்று கேட்டேன். "ஒண்ணுந் தெரியலீங்க. இருக்கட்டுமுங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் பாறைக்குழிக்கு வரவில்லை. துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். டெலஸ்கோப்பை என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, "திருகீராதீங்க மாஸ்டரு" என்று மட்டும் சொன்னார். சில வருஷங்கள் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார். எழுபதுகளின் கடைசியில் கிளப்பும் கலைந்தது. பாறைக்குழியில் தண்ணீர் நின்றது, பிறகு குப்பை கொட்டி மேடாக்கி, இப்போது அதன் மேல் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் கட்டடம் நிற்கிறது. இரண்டு முதலாளிகளின் பேரன்களும் ஒரே சங்கத்தில் பதவியில் இருக்கிறார்கள், தினமும் போனில் பேசிக்கொள்கிறார்களாம். நல்லது. எனக்கு அவர்களிடம் வேலை இல்லை.

நான் ஊருக்குத் திரும்பவில்லை. அங்கே என்னைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துபோனார்கள். இங்கே என் சமையல், என் துணி, என் பேச்சு எல்லாம் எனக்கே. எனக்கும் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, அதனால் பார்வையின் அளவும் மாறிக்கொண்டே வருகிறது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. அறுவை செய்துகொள்ளத் துணைக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்றார்கள். பார்க்கலாம் என்று சொல்லி வந்துவிட்டேன். போன வாரம் ஒரு காலையில் மேசையைத் துடைக்கும்போது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சும்மா அந்த டெலஸ்கோப்பை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். அது என் கைக்கு வந்ததிலிருந்து அதில் புகையைத் தவிர எதையும் நான் பார்த்ததில்லை. குறுக்குக் கம்பி மை வைத்து இழுத்த கோடு போல நின்றது. எதிர் மாடிக் கொடியில் ஒரு பனியன் காய்ந்துகொண்டிருந்தது. அதன் கழுத்துப் பட்டியில் ஓடிய தையல் ஒவ்வொன்றும் தெரிந்தது.

மிஷின் முதலாளி கடைசியாக வைத்துவிட்டுப் போன இடத்துக்கு என் கண் வந்து சேர்ந்திருக்கிறது. அன்று அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு இப்படித்தான் தெரிந்திருக்கிறது. அட்டையும் தெரிந்திருக்கும், அதற்கு முன்னால் தன்னிடம் வாய் திறந்து மூடியவரின் முகமும் தெரிந்திருக்கும். டெலஸ்கோப்பை இறக்காமலே, "நல்லாத் தெரியுதுங்க" என்று சத்தமாகச் சொன்னேன். பழக்கதோஷத்தில் இடப்பக்கம் ஒரு தடவை திரும்பி, வலப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். சொல்லிவிட எனக்கு ஒரு மூன்றாம் ஆள் இல்லை.